பெரியவனுக்குப் பதிலாகச் சின்னவன்

இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வெளியே வந்தவன் பெரியவன். பத்து நிமிடம் கழித்து வந்தவன் சின்னவன். எத்தனை வயது வித்தியாசம் என்று யார் கேட்டாலும் இருவரில் ஒருவன் "பத்து நிமிஷம்" என்பான், கேட்டவர் சிரிப்பார். நாற்பது வயது தாண்டியும் அண்ணன் தம்பிக்கு அந்த நகைச்சுவை அலுக்கவில்லை.

பெரியவனுக்குக் கட்டட வேலையில் உயரமான கிரேன் ஓட்டும் உத்தியோகம். சின்னவனுக்கு டயர் கடை. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் கம்பெனி டாக்டர் ரத்த அழுத்தம் பார்ப்பார். ஏறியிருந்தால் கீழே உட்கார வேண்டியதுதான். போன வருடம் பெரியவன் மருந்துக்கடையில் சும்மா கையை நீட்டினான். கடைக்காரர் திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, "உடனே டாக்டரப் பாருங்க" என்றார். டாக்டரைப் பார்த்தால் விஷயம் கம்பெனிக்கு எட்டும், வேலை போகும். பார்க்காவிட்டால் என்ன போகும் என்று அவன் யோசிக்கவில்லை. சகோதரர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அண்ணனின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு தம்பி போய்க் கையை நீட்டினான். காரியம் கச்சிதமாக முடிந்தது. இந்த வருடமும் அதே நாடகம்தான்.

மதிய வேளையில் பெரியவன் கிரேன் அறையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கண்ணாடி, நடுவில் ஒரு நாற்காலி. முன்பெல்லாம் அங்கே ராஜா மாதிரி இருப்பான். இப்போது முட்டி முன்பக்கம் இடிக்கிறது. நாற்காலியைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளியாயிற்று. இனித் தள்ள இடமில்லை. தரையிலுள்ள திறப்பு வழியாக இறங்கும்போது தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, திட்டிக்கொண்டே இறங்குகிறான். கல்யாண மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். செருப்பு அளவு ஏறிக்கொண்டே போகிறது. "உக்காந்தே வேலை பாத்தா உடம்பு பெருக்காம என்ன செய்யும்?" என்று மனைவி சாப்பாட்டில் எண்ணெயைப் பிடுங்கிவிட்டாள். சுவையும் போயிற்று; தலைவலி மட்டும் போகவில்லை. குறட்டைக்குப் பயந்து அவள் பிள்ளைகளோடு படுக்கிறாள். பிரஷர் விஷயத்தைப் பற்றி ஒரு வருடமாக அவளிடம் மூச்சு விடவில்லை. மேலேயும் அடைப்பு, வீட்டிலும் அடைப்பு, வாயிலும் அடைப்பு. அவனுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பின்வாசலருகே, டாக்டரின் தகர அறையிலிருந்து சின்னவன் வெளியே வந்து தலைக்கு மேல் கட்டைவிரலை உயர்த்தினான். பெரியவன் வழக்கம்போல் தோளைச் சாய்த்து, திட்டி, இறங்கிப் போனான். அறைக்குப் பின்புறம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"ஜெயிச்சாச்சுண்ணா. குழந்தை மாதிரி இருக்கு உன் பிரஷர்னு சொன்னாங்க," என்று சின்னவன் இளித்தான். அண்ணனின் மஞ்சள் சட்டை அவன் மேல் கொடியில் தொங்குவதுபோல் தொங்கியது. ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருந்தது.

"வாய மூடு. அட்டையக் குடு."

அதற்குள் டாக்டரம்மா கைகழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்துவிட்டார். இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணனா? எத்தனை வருஷம் மூத்தவர்?"

பழகின வாய் சும்மா இருக்குமா? "பத்து நிமிஷம், டாக்டர்," என்றான் சின்னவன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்னவன் முகத்தைப் பார்த்தார். பெரியவன் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் முதல் முகத்துக்குப் போனார்.

"நீங்க உள்ள வாங்க," என்றார் பெரியவனிடம். சின்னவனும் பின்னாலேயே நுழைந்தான்.

கையில் சுற்றிய பட்டை எட்டவில்லை. அலமாரியிலிருந்து பெரிய பட்டையை எடுத்துச் சுற்றினார். காற்று ஏறியது, இறங்கியது. மறுபடியும் ஏறியது. அவர் எண்ணைச் சொல்லாமல் அவன் விரல்களை விரித்துப் பார்த்தார். பல்லைக் காட்டச் சொன்னார். கீழ்வரிசையில் இடைவெளி விழுந்திருந்தது. தலைவலி உண்டா, வேர்க்கிறதா, குறட்டையா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான்.

"மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அது அளவுக்கு மீறி வேலை செஞ்சா, வளந்து முடிஞ்ச ஆளுக்கும் கை, கால், தாடையெல்லாம் பெருக்கும். இந்த பிரஷரும் அதோட வந்ததா இருக்கலாம். டெஸ்ட் எடுத்தாதான் உறுதியாச் சொல்ல முடியும். வைத்தியம் இருக்கு. ஆனா விட்டீங்கன்னா இதயத்துல கை வச்சிரும். இவ்ளோ நாளா யாருமே கவனிக்கலையா?"

தினம் பார்க்கிற முகத்தை யார் கவனிக்கிறார்கள்? பெரியவன் தம்பியைப் பார்த்தான். அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெரியவனின் பழைய போட்டோ. தம்பியின் முகமும் அதுவும் அச்சாக ஒன்று. போட்டோவுக்குச் சொந்தக்காரன்தான் வேறு யாரோபோல் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"நல்ல வேளை, கிரேன்ல ஏறுறது தம்பி," என்றார் டாக்டரம்மா எழுதிக்கொண்டே. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சின்னவன் முந்திக்கொண்டான். "டயர் கடை."

பொய் அழகாகப் பொருந்தியது. எழுந்து போய்விடலாம். தம்பி பெயரில் மருந்து, தன் பெயரில் தகுதிச் சீட்டு. அடுத்த வருடமும் இதே கதை, அந்தத் திறப்பில் தோள் நுழைகிற வரைக்கும். பெரியவன் எழுந்தேவிட்டான்.

அப்போது அவன் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "கிரேன், கிரேன்! எங்க போனீங்க? கம்பி கட்டி ரெடியா இருக்கு. கீழ ஆளுங்க நிக்கறாங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அவர் சின்னவனைத்தான் பார்த்தார். சின்னவன் அண்ணனைப் பார்த்தான்.

"கிரேன், கேக்குதா?"

கம்பி மேலே போகும்போது அதற்கு அடியில் நிற்கப்போகிறவர்கள் ஒவ்வொருவரையும் பெரியவனுக்குத் தெரியும். வாக்கிடாக்கியை எடுத்தான். பொத்தானுக்கு அவன் கட்டைவிரல் பெரிதாகியிருந்தது. பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கியது. மறுபடியும் அமுக்கினான்.

"கேக்குது. நான்தான் பேசறேன்," என்றான். "கம்பிய அவுத்து வச்சிருங்க. இனிமே நான் ஏறல."