மெஷின் பேப்பர்

“பிப்ரவரி ஒன்பதாந்தேதி ஓட்டின ரன்னோட மெஷின் பேப்பர் வேணும், சார்.”

பேராசிரியர் நிமிரவில்லை. எதிரே நின்ற மாணவியின் பயிற்சி லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்த விரல் ஒரு பக்கத்தில் நின்றது. சுவரோரமாக நின்ற டெக்னீஷியன் அண்ணன் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்று வருடத்துக்கு முன், வைராலஜி மேற்படிப்புக்கு வந்து சேர்ந்த அன்றே சீனியர் அவளை ஓரங்கட்டிச் சொல்லியிருந்தாள். லீவு கேள், பரிசோதனை கிட் கேள், சண்டைகூடப் போடு, மெஷின் பேப்பரை மட்டும் கேட்டுவிடாதே என்று. ரத்தப் பரிசோதனைத் தட்டு மெஷினுக்குள் போய் வரும் ஒவ்வொரு ரன் முடிந்ததும், கடை ரசீது மாதிரி ஒரு தாள் சுருண்டு விழும். தட்டின் ஒவ்வொரு குழிக்கும் மெஷின் படித்த எண் அதில் இருக்கும். அந்தத் தாள் அண்ணனின் டிராயருக்குள் போய்விடும். அதைப் பார்த்து அவர் கணினியில் தட்டித் தருகிற அறிக்கையில்தான் பயிற்சி மருத்துவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அவளும் போட்டாள். எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று குடைகிறாள் என்பதால் ஆய்வகம் முழுக்க அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர். அப்படிப்பட்டவளே இதை மட்டும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

இந்த வாரம் திங்கட்கிழமை காலை, கழுவுகிற அறையில் அக்கா தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாந்தி. பதினோரு வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவுவதும் ஊசி டப்பா அள்ளுவதும் அவள்தான். ஆனாலும் இன்றுவரை ஒப்பந்தக்காரர் ஆள். ஆய்வகத்தின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது.

“கண்ணக் காட்டுங்கக்கா.”

“என்ன வக்கீலம்மா, எம்மேலயும் கேஸா? தூக்கமில்ல, அவ்வளவுதான்.”

கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள். லேசான மஞ்சள் இல்லை, பார்த்ததும் கை பின்வாங்குகிற மஞ்சள்.

நான்கு மாதத்துக்கு முன், பிப்ரவரி ஒன்பதாம் தேதி, அக்காவுக்கு ஊசி குத்தியது அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. டப்பா நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அமுக்கி மூடும்போது ஒரு ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கையில் இறங்கியது. சிரிஞ்சில் வார்டு நோயாளியின் பெயர் ஒட்டியிருந்ததால் அந்த ஆளின் ரத்தத்தை அன்றே பார்த்தார்கள். ஹெபடைடிஸ் பி: நெகட்டிவ். அப்புறம் என்ன, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்த ஆட்களுக்குத் தடுப்பூசி போடும் வழக்கமே அங்கு இல்லை. தெரியவில்லை என்று எழுதியிருந்தால்கூட ஒரு நாளுக்குள் அவளுக்குப் பாதுகாப்பு ஊசி போட்டிருப்பார்கள். நெகட்டிவ் என்றதால் போடவில்லை.

அந்த நெகட்டிவ் அறிக்கையை அவள் எடுத்துப் பார்த்தாள். கீழே அவள் கையெழுத்து. அறிக்கைகளில் அவள் தனியாகக் கையெழுத்துப் போடத் தொடங்கிய முதல் நாள் அது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மூட்டை தூக்கி அவளைப் படிக்க வைத்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நீ கையெழுத்துப் போட்டா அது செல்லுமாம்மா?”

“செல்லும்ப்பா.”

அவள் அறிக்கையை மடித்து வைத்தாள். மைனஸ் எண்பது ஃப்ரீசரைத் திறந்து பழைய குழாய்களைக் கிளறினாள். வார்டு நோயாளியின் ரத்தத்திலிருந்து அன்று பிரித்து வைத்த சீரம் ஒரு மூலையில் உறைந்து கிடந்தது. புதுக் கிட்டைப் பிரித்துத் தானே ஓட்டினாள். கன்ட்ரோல் குழிகளில் ஏற்கெனவே வைரஸ் இருப்பது தெரிந்த திரவத்தை விட்டாள். அது நிறம் மாறினால்தான் கிட் வேலை செய்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் அந்த ரன்னே குப்பை. கன்ட்ரோல் நீலமானது. நோயாளியின் சீரம் விட்ட பக்கத்துக் குழியும் நீலமானது. அமிலத்தை விட்டதும் இரண்டும் ஒன்றாக மஞ்சளாயின. அதே மஞ்சள்.

பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

பிறகு கணினியில் பழைய தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிப்ரவரி ஒன்பது, கன்ட்ரோல் அளவு 1.847. பிப்ரவரி பத்து, 1.847. பதினொன்று, பன்னிரண்டு, அதற்கப்புறமும் அதேதான். ஒரு முறை கை நடுங்கினாலே கடைசி இலக்கம் மாறிவிடும். மூன்று இலக்கமும் பத்து ரன்னில் மாறாமல் நிற்காது.

கேட்டபோது அண்ணன் மறைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கன்ட்ரோல் தீந்து போச்சும்மா. தட்டு ரொம்பற வரைக்கும் சேத்து வெச்சு ஓட்டினா ஒரு கிட்டுக்கு அது தாராளம். தெனம் நாலு நாலு சாம்பிளா ஓட்டச் சொன்னா, ஓட்டும்போதெல்லாம் விடறதுக்குக் கன்ட்ரோல் எங்கேருந்து வரும்? சார்கிட்டக் கேட்டேன். பழைய நம்பரப் போட்டுக்கோன்னாரு.”

“மறுபடி ஓட்டினா அந்த ஆளு பாசிட்டிவ். அன்னைக்குக் கிட் ஏன் செத்துச்சு?”

“அதுக்கு முந்தி ரெண்டு நாள் லீவுல்ல. ஃப்ரிட்ஜ் நின்னு போச்சு. வந்து பாத்தா உள்ள எல்லாம் சூடா கெடக்கு. மறுபடி போட்டு விட்டேன். கன்ட்ரோல் இருந்திருந்தா அன்னைக்கே காட்டிக் குடுத்திருக்கும்.”

“அப்புறம் அந்தக் கிட்டுல எத்தன பேரு?”

அவர் விரல் விட்டு எண்ணவில்லை. எண் ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தது. “நாப்பத்தி ஒண்ணு.”

நாற்பத்தொன்றிலும் அவள் கையெழுத்து.

இப்போது வியாழக்கிழமை. பேராசிரியர் லாக் புக்கை மூடாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபம் இல்லை. உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதையும் மறுக்காததுதான் அவளைத் திகைக்க வைத்தது. இல்லை என்பார், கத்துவார், அண்ணன் மேல் பழி போடுவார் என்று மூன்று நாளாக ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தாள். அவரோ, பஸ் ஏன் தாமதம் என்று விளக்குகிற மாதிரி விளக்கினார். இருபத்துநாலு மணி நேரத்தில் அறிக்கை தர வேண்டும் என்பது மேற்படிப்பு நடத்துவதற்கான நிபந்தனை. தட்டு நிறையக் காத்திருந்தால் மூன்று நாள் ஆகும். அங்கீகார ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

“அந்தக் கணக்கு இல்லேன்னா இங்க ரெண்டு சீட்டு கிடையாது. நீ கிடையாது. புரியுதா? உனக்காகவும்தான் பண்ணினோம்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

“அக்காவ நேத்து வேலைலேருந்து நிறுத்திட்டாங்க, சார்,” என்றாள். “குத்தின ஊசி நெகட்டிவாம். அதனால இது வேலைல வந்த நோய் இல்லையாம். ஒப்பந்தக்காரர் எழுதியே குடுத்துட்டாரு. வீட்டுத் தண்ணில வந்த மஞ்சக் காமாலைன்னு.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“எம் பேருல போன அறிக்கையக் காட்டித்தான் நிறுத்தியிருக்காங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். லாக் புக்கை அவள் பக்கம் திருப்பினார். பிப்ரவரி ஒன்பதாம் தேதிப் பக்கம். ‘மேற்பார்வையில் செய்யப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே அவருடைய சாய்ந்த கையெழுத்து இருந்தது. அன்று அவர் ஊரிலேயே இல்லை. சனிக்கிழமைதோறும் டீ குடித்துக்கொண்டே நாற்பது பக்கத்துக்குக் கையெழுத்துப் போடுவார். எல்லாருக்கும் அப்படித்தான். அதில் யாரும் தப்பு பார்த்ததில்லை, அவள் உட்பட.

“பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு,” என்றார். “நான் சான்றிதழ்ல கையெழுத்துப் போடலேன்னா நீ எழுத முடியாது. இந்த ஒரு பக்கத்த மட்டும் கிழிச்சிட்டுப் புதுசா எழுதிட்டு வா. அன்னைக்கு நீ லீவுன்னு போட்டுக்கோ, அறிக்கைய நான் பாத்துக்கறேன். இப்பவே போட்டுத் தரேன். உங்க அப்பாவ நெனச்சுப் பாரும்மா. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாரு.”

சான்றிதழ் தாளை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவின் மூடியையும் கழற்றினார். அவள் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. கீழே கோடு மட்டும் காலியாக இருந்தது.

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். மூன்று வருடம். அதற்கு முன் ஆறு. ஒவ்வொரு வருடமும் அப்பாவின் தோள்பட்டையில் ஒரு காய்ப்பு.

“காலைல பத்து மணிக்கே நாப்பத்தோரு பேருக்கும் திருத்தின அறிக்கை போயிடுச்சு, சார். முன்னாடி குடுத்தது செல்லாது, மறுபடி ரத்தம் குடுக்க வரணும்னு. வார்டுக்கு, பதிவு அறைக்கு, அக்கா கைல ஒண்ணு. அந்த வார்டு நோயாளிக்கு மறுபடி பாத்த ரிசல்ட்டும் அதுல இருக்கு. கீழ எங்கையெழுத்து.”

பேனா அவர் கையில் அப்படியே நின்றது.

“அப்புறம் எதுக்கு வந்து பேப்பர் கேக்கற?”

“மேலிடத்துக்கு எழுதறப்ப, நீங்களா குடுத்தீங்கன்னு எழுதலாம்னு நெனச்சேன்.”

சுவரோரத்தில் அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சுருண்டு மங்கிப் போயிருந்த தாளை எடுத்து, பேராசிரியரைப் பார்க்காமல், லாக் புக்கின் மேல் வைத்தார். பிப்ரவரி ஒன்பது. கன்ட்ரோல் குழிக்கு நேரே எண் எதுவும் இல்லை, வெறும் கோடு. மற்ற எல்லாக் குழிகளுக்கும் பூஜ்யத்தை ஒட்டிய எண்கள்.

தாளை உள்ளே வைத்து லாக் புக்கை மூடி எடுத்துக்கொண்டாள். சான்றிதழைத் தொடவில்லை. அவர் அவள் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டார்.

கழுவுகிற அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். உள்ளே ஒரு புதுப் பெண் ஊசி டப்பாவை அமுக்கி மூடிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தக்காரர் காலையில் அனுப்பிய ஆள். அவள் கையில் இருந்தவை அக்காவின் கையுறைகள். மணிக்கட்டில் அக்கா பேனாவால் போட்டு வைத்திருந்த பூ அப்படியே இருந்தது. வலது உள்ளங்கையில் சின்ன ஓட்டை. அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“கையுறையக் கழட்டுங்க. அந்த டப்பாவத் தொடாதீங்க. தடுப்பூசி போட்டாங்களா?”

புதுப் பெண் திருதிருவென்று விழித்தாள். “எந்த ஊசிம்மா? வேலைக்குத்தானே வரச் சொன்னாங்க.”

அவள் கையுறைகளை உருவி வாங்கி, லாக் புக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெளிக்கதவைத் தோளால் தள்ளித் திறந்து நடந்தாள்.