ஹெட்டாவின் குரல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைல் இஸ்திரி போட்ட சட்டையோடு படியிறங்கி வந்தபோதே ஏதோ சரியில்லை என்று ஆரினுக்குப் பட்டது. ஆரின் வீட்டு நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, டிராகன் கொல்கிற ஆட்டம் ஆடுவதற்கு யாராவது இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்களா? அதுவும் லா க்ராஸ் ஊரின் ஜனவரியில், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது?

லைல் ஆரினின் பள்ளித் தோழன். பிறகு ஆரினின் தங்கை மெரிட்டைக் கட்டி மாப்பிள்ளையானவன். போன ஏப்ரலில் மெரிட் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாலு மாதம் லைல் வீட்டுத் திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை. அவனை இழுத்து வந்து மறுபடி ஆட்டத்தில் உட்காரவைத்தவன் ஆரின்தான். கூட ஆடுவதற்கு டார்லா இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், யாருக்கும் பயப்படாதவள்.

வாயால் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் அது. டார்லாவும் லைலும் ஆளுக்கொரு வீரரை வைத்து ஆடுவார்கள். கதையில் மற்ற எல்லாரும் ஆரின்தான். ராஜா, ராட்சதன், கழுதைக்காரன், எல்லாரும் மேசையில் நிறுத்திய அட்டைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவன் வாய் வழியாகத்தான் பேசவேண்டும். பெண்களும்தான். தாடி வைத்த ஆறடி ஆள் பெண்ணாகப் பேசினால் முதல் வாரம் சிரிப்பு வரும், மூன்றாவது வாரம் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பாத்திரம் சொன்னது சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது.

மேசை நடுவில் ஒரு சிவப்பு அட்டை கிடக்கும். அது டார்லா கொண்டுவந்தது. முன்பு அவள் ஆடிய கூட்டத்தில் ஒருவன், இருபது முகப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழுந்தால் உன் வீராங்கனை என்மேல் மயங்கியே தீரவேண்டும் என்று வாராவாரம் உருட்டிக்கொண்டிருந்தானாம். அதனால் இங்கே இரண்டு சட்டம். காதலுக்குப் பகடை கிடையாது. யாராவது அட்டையில் கை வைத்தால் காட்சி அங்கேயே நிற்கும், ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

அக்டோபரில் லைலின் வீரன் மழையில் நனைந்து ஒரு சத்திரத்துக்குள் நுழைந்தான். ஆரின் சத்திரக்காரியை யோசித்து வைத்திருக்கவில்லை. ஆட்டம் நடத்துகிறவர்கள் அத்தனை பேரும் செய்வதையே அவனும் செய்தான், கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டான். ஹெட்டா என்று ஒரு பெயர். ‘ம்ச்’ என்று ஒரு சப்புக்கொட்டல். “உக்காரு முதல்ல. அப்புறம் உலகத்தக் காப்பாத்தலாம்.” லைலின் முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ரத்தம் ஏறியது. அது மெரிட் பேசுகிற பேச்சு என்று ஆரினுக்கு உறைத்ததே மறுநாள் பல் தேய்க்கும்போதுதான். மடையன், அப்போதாவது அந்தச் சத்திரத்தைக் கொளுத்தியிருக்கலாம். லைல் முகச்சவரம் செய்துகொள்கிறானே, சாப்பிடுகிறானே என்று விட்டுவிட்டான்.

லைலின் வீரன் சத்திரத்தை விட்டு நகரவே இல்லை. டார்லாவின் வீராங்கனை தனியாகப் போய் டிராகனோடு மல்லுக்கட்டினாள். டிசம்பரில் லைல், ஆரின் வேலை செய்யும் மரக்கடைக்குப் போன் செய்து, ஒரே ஒரு நிமிஷம் ஹெட்டாவிடம் பேசவேண்டும் என்றான். ஆரின் சிரித்தான். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஆரின் ஹெட்டாவாகப் பேசினான். அப்படி மூன்று தடவை. அதற்கப்புறம் ஒரு நாள், பலகை வாங்க வந்த ஒரு கிழவரிடம் அவன் வாய் தானாக ‘ம்ச், உக்காரு முதல்ல’ என்றது. அந்தக் குரலை அவன் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது.

இன்று லைல் பகடைகளை எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தான். மெரிட்டின் மோதிரம். டார்லா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

தன் வீரன் வாளை இறக்கி வைக்கிறான், ஹெட்டாவைக் கட்டிக்கொண்டு இந்தச் சத்திரத்திலேயே இருந்துவிடப் போகிறான் என்றான் லைல். அதற்கு முன்னால் அவளிடம் கேட்க ஒன்று இருக்கிறதாம். தடுப்பைத் தாண்டி ஆரினின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தான்.

“நான் காபி வாங்கக் கீழ போனேனே அன்னிக்கு... நீ என்னத் தேடினியா?”

ஹெட்டாவின் உலகத்தில் காபியே கிடையாது. லைல் காபி வாங்கக் கீழே போன நேரத்தில்தான் மெரிட் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தேடினேன் என்று அந்தக் குரலில் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். அப்புறம் லைல் அந்தச் சத்திரத்தை விட்டு வெளியே வரவே மாட்டான். தேடவில்லை என்றால் இந்தப் பனியில் காரை எடுத்துக்கொண்டு எங்கே போவானோ. யோசித்து முடிப்பதற்குள் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ‘ம்ச்’ என்றது.

பதறிப்போய் ஆரின் சிவப்பு அட்டையின் மேல் கையை வைத்தான்.

“நடத்துறவன் தொடக்கூடாது,” என்றான் லைல்.

“அப்படி ஒரு சட்டம் இல்ல,” என்றாள் டார்லா. “நிறுத்திட்டான். நின்னாச்சு.”

ஆரின் இன்னொரு கையால் தடுப்பை மடித்துக் கீழே போட்டான். ஒன்பது மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைத் தன் சொந்தக் குரலில் சொன்னான். “தேடினா, மாப்ள. நான் பக்கத்துல இருந்தேன். கண்ணத் தொறந்து, ‘அவன் சாப்பிட்டானா’ன்னு கேட்டா. அவ்வளவுதான். கூட இல்லாமப் போயிட்டோமேன்னு நீ மனசு ஒடஞ்சிருவன்னுதான் சொல்லல.”

லைல் மோதிரத்தை மேசைமேல் விரலால் உருட்டினான். இயந்திரத்துக்குள் துணி சுற்றிக்கொண்டிருந்தது.

“அத அவ குரல்ல சொல்லு.”

“மாட்டேன்.”

“ஒரே ஒரு தடவ, மச்சான்.”

“அவ குரல் எங்கிட்ட இல்ல, லைல். எனக்குப் பயமா இருக்கு.”

லைல் எழுந்தான். மோதிரத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வரை போனான். ஆரின் அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலேயே ஓடவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம். முதல் படியில் கால் வைத்தவன் அங்கேயே நின்றான், திரும்பாமலே கேட்டான்.

“நீ என்ன சொன்ன அவகிட்ட?”

“சாப்பிட்டான்னு சொன்னேன்.”

“நான் சாப்பிடலையே.”

“தெரியும்.”

லைல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். டார்லா எழுந்து, மூலையில் மின்னடுப்பில் சூடாக இருந்த மான்கறிக் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். அவன் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் ஆரின் அட்டையிலிருந்து கையை எடுத்தான்.