எல்லா இடத்திலும் ஒருமை

மென்பொருளில் தகவல்களைச் சேர்த்துவைக்கும் அட்டவணைக்குப் பெயர் ஒருமையில்தான் வைக்க வேண்டும் என்கிறது எங்கள் விதி ஆவணத்தின் நான்காம் பக்கம். பன்மையில்தான் வைக்க வேண்டும் என்கிறது பதினெட்டாம் பக்கம். முதலாவதை எழுதியவன் என் அண்ணன். இரண்டாவதை எழுதியவர் என் அண்ணி. இரண்டையும் படித்துப் பார்க்காமல் ஒரே ஆவணமாகச் சேர்த்த புண்ணியவதி நான். மூவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே வீடு. என் தலையெழுத்து.

போன வாரம் ஒரு மருத்துவமனைக்காரர்களுக்கு மென்பொருளை ஓட்டிக் காட்டினோம். பதிவுப் பகுதி வந்தவர்களையெல்லாம் 'நோயாளிகள்' அட்டவணையில் சேர்த்தது. அறிக்கைப் பகுதி 'நோயாளி' அட்டவணையில் போய்த் தேடியது. அங்கே மருந்துக்குக்கூட ஒரு நோயாளி இல்லை. திரையில் பெரிதாகப் பூஜ்யம் வந்தது. அண்ணி விளக்க வாயெடுத்தார்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்றான் அண்ணன், அத்தனை பேர் முன்னாலும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னார்: "இதுக்கு ஒரு முடிவு வரலைன்னா நான் வேற வேலை பாத்துக்கறேங்க." அட்டவணைக்காகத்தான் இவ்வளவு கோபம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். அவன் புத்தி அவ்வளவுதான்.

நேற்று மேனேஜர் மூவரையும் உட்காரவைத்தார். ஒரே விதி வேண்டும் என்றார்.

"பேருக்குப் பின்னாடி 'கள்' எதுக்கு?" என்றான் அண்ணன். "மரியாதை குடுக்க அது என்ன சம்பந்தியா? ஒருமையிலயே கூப்பிடலாம். யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

"விதிவிலக்கு ஏதாவது உண்டுங்களா?" அண்ணி கேட்டார்.

"கிடையாது. ஒரு பக்கம் ஒருமை, இன்னொரு பக்கம் பன்மைன்னா குழப்பம்தான்."

"அப்போ எல்லா இடத்துலயும் ஒருமை?"

"எல்லா இடத்துலயும்."

அண்ணி என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ" என்றார். பதினெட்டாம் பக்கத்தை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தேன். அண்ணி கையெழுத்திட்டு, தாளை அண்ணனிடம் தள்ளினார்.

"இந்தா, போடு."

மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணி அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வருகிறார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"விதிவிலக்கு கிடையாதுன்னு நீதானே சொன்னே?" என்றேன். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். அவன் கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் என் மேசைக்கு வந்தான்.

"அந்தப் பதினெட்டாம் பக்கத்தைத் திரும்பச் சேர்க்க முடியுமா?"

"சேர்க்கலாம். ஆனா அதுவும் எல்லா இடத்துலயும்தான்."

தலையை ஆட்டினான். பிறகு அண்ணியின் இருக்கைக்குப் போய்த் தொண்டையைச் செருமினான்.

"வீட்டுக்குக் கிளம்பலாமா... வர்றீங்களா?"

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார். "நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதி வச்சுட்டு வர்றேன்."

நான் 'நோயாளி' அட்டவணையை அழித்தேன்.