சேற்றுக்கு வாங்கின டயர்

கண்ணாயிரத்துக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. பெரியப்பா மகன் இளங்கோவனின் முகம் ஒருநாள் சுண்டிப்போக வேண்டும். அதுவும் சும்மா இல்லை, சம்பந்தி வீட்டார் பார்க்கப் பார்க்கச் சுண்ட வேண்டும். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், நெல் நன்றாக விளைய வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாமியிடம் கேட்கும்போதுகூட அந்த வரிசையில்தான் கேட்டான்.

பாகம் பிரித்தபோது முசரவாக்கத்தில் ரோட்டோரத்து நிலம் இளங்கோவனுக்குப் போனது. பின்னால் இருந்த நிலமும் வீடும் கண்ணாயிரத்துக்கு வந்தன. ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போக ஒரு மண்வழி உண்டு. முன்பாதி இளங்கோவன் வீட்டை ஒட்டிப் போகும், பின்பாதி கண்ணாயிரத்தின் நெல்வயலை ஒட்டிப் போகும். வழியை அடைத்தால் ஊர் கேட்கும். அதனால் இளங்கோவன் அடைக்கவில்லை. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வழியிலே திருப்பிவிட்டான். மோட்டாருக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே. கேட்டால், "வாய்க்கா ஒடஞ்சிக்கிச்சுப்பா, நான் இன்னா பண்ணட்டும்?" என்று பல்லைக் காட்டுவான். பங்காளி பல்லைக் காட்டினால் எவனுக்குத்தான் வயிறு எரியாது?

போன வருடம் மகள் பிரியதர்ஷினியின் கல்யாணத்துக்குப் பெண்ணழைக்க வந்தவர்களின் கார் அந்தச் சேற்றில்தான் மாட்டியது. சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிற சம்பந்தி துரைக்கண்ணு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் சம்சாரத்தின் அரக்குப் பட்டில் கரை முழுக்கச் சேறு. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று 'வாங்க' என்று சொல்ல வேண்டிய கண்ணாயிரம், காருக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தான். மாடியில் இளங்கோவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டே அத்தனையும் பார்த்தான். இறங்கி வந்து ஒரு கை கொடுக்கவில்லை, பாவி. வாசலில் வரவேற்க ஆள் இல்லாத வீடு என்று சம்பந்தி வீட்டில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது.

இந்த நிலையில்தான் பிரியதர்ஷினி முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்தது. தையில் வளைகாப்பை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று துரைக்கண்ணு பெருந்தன்மையாகச் சொன்னார். கண்ணாயிரம் அன்றைக்கே நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்றுக்குச் சொல்லிவைத்தான். வந்த வண்டியின் டயர்கள் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. மனைவி லோகாம்பாளையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையம் போகிற வழியில் இருக்கிற தேவசகாயத்தின் டயர் கடைக்குப் போனான்.

"எங்கெங்கண்ணே ஓட்டுவீங்க? தார் ரோடு எவ்ளோ, மண்ணு எவ்ளோ? அத்த சொன்னாத்தான் நான் டயர் சொல்ல முடியும்," என்றான் தேவசகாயம்.

"சேறு," என்றான் கண்ணாயிரம்.

"எங்க இருக்குது சேறு?"

"எங்க வூட்டு வழியில."

"அது எவ்ளோ தூரம் வரும்? மீதி நேரம் தார் ரோடுதானே?"

"மீதி நேரத்தப் பத்தி உன்ன யாருப்பா கேட்டது?"

தேவசகாயம் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து எதிரே நிறுத்தினான். "ரெண்டும் ஆல் டெரைன்தான். தார்லயும் போவும், மண்ணுலயும் போவும். இது வண்டி கம்பெனி சொன்ன அளவு. உங்க சேத்துக்கு இதுவே தாராளம், காத்த மட்டும் கொஞ்சம் கொறச்சிக்குங்க. அது பெரிய சைஸு, மேல இருக்கிற ரப்பர் கட்டையும் பெருசு. மலைக்காட்டுல ஓட்டுறவங்க கேப்பாங்க. அதுக்கு வண்டியவே ஒசரமா தூக்கிக் கட்டணும். ரோட்டுல போனா சத்தமும் ஜாஸ்தி. உங்களுக்கு வேணாம்ணே."

கண்ணாயிரம் இரண்டையும் முகூர்த்தப் பட்டு பார்க்கிற மாதிரி பார்த்தான். காஞ்சிபுரத்துக்காரன் கண் முதலில் கரைக்குத்தான் போகும். கரை அகலமா, ஜரிகை எடுப்பா என்று பார்ப்பானே தவிர, உடுத்துகிறவள் உட்கார முடியுமா என்று பார்க்க மாட்டான். பெரிய டயரின் பக்கவாட்டில் வெள்ளை வெளேரென்று எழுத்து இருந்தது. அகலமோ அகலம். பார்த்த மாத்திரத்தில் மனசு அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"சின்னதே போதும்யா. சேத்துல போவணும், அவ்ளோதானே?" என்றாள் லோகாம்பாள்.

"போனா மட்டும் போதுமா? அவன் பாக்கணும்," என்றான் கண்ணாயிரம். புருஷனுக்குப் பங்காளிக் காய்ச்சல் ஏறிவிட்டால் எந்தக் கஷாயமும் இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

டயர் மாட்டி, வண்டியைத் தூக்கிக் கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தான். உறுமல் கேட்டு முசரவாக்கமே திரும்பிப் பார்த்தது. சேற்றில் இறங்கினான். வண்டி திணறவே இல்லை, சும்மா வழுக்கிக்கொண்டு போனது. மாடியிலிருந்து இளங்கோவன் எட்டிப் பார்த்து, "டயர் புதுசாப்பா?" என்றான்.

ஒரு தலையாட்டலோடு போயிருக்கலாம். விதி, நாக்கில் உட்கார்ந்தது. "சேத்துக்குன்னே வாங்கினது. எவ்ளோ தண்ணி வேணா வுட்டுக்க. வளைகாப்புக்கு சம்பந்தி வூட்டாளுங்கள இதுலதான் கூட்டிக்கினு வருவேன். நீ காப்பிய குடிச்சிக்கினே பாரு," என்று கத்திவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கின மாதிரி போன வருடம் முழுக்கத் தூங்கியதில்லை.

வளைகாப்புக்கு முன்னால் ஒருநாள் வழியில் லாரி வந்து நின்றது. மண் கொட்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள், ரோலர் விட்டு இறுக்கினார்கள். கண்ணாயிரம் பதறி ஓடினான். வழியின் நடுவே குடை பிடித்துக்கொண்டு நின்ற இளங்கோவன், "நம்ம பொண்ணு வளைகாப்புடா. சம்பந்தி மறுபடியும் சேத்துல வரலாமா? அதான் என் கைக்காசப் போட்டுட்டேன்," என்றான். அதே பல், அதே சிரிப்பு.

"நல்லதுதானே செஞ்சிருக்காரு," என்றாள் லோகாம்பாள்.

"நல்லதா? அடிமடியில கைய வச்சிட்டான்டி," என்று கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு மழை பெய்யாதா என்று தை மாசத்து வானத்தைப் பார்த்தான். அது துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

வளைகாப்பன்று சம்பந்தி வீட்டார் வேனில் வந்து ரோட்டில் இறங்கினார்கள். வேன் அந்தக் குறுகலில் திரும்பாது. கண்ணாயிரம் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, தயாராக நின்றான். சேறு போனால் போகட்டும், இந்த வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு இளங்கோவன் வாசலைத் தாண்டினாலே போதும் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தான்.

சம்பந்தியம்மா ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். மொடமொடப்பான பட்டு இடம் கொடுக்கவில்லை. படி அவள் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொருத்தி முயன்றாள், கொசுவம் அவிழப் பார்த்தது. கடைசியில் வயிறும் பிள்ளையுமாகப் பிரியதர்ஷினி வந்து, அண்ணாந்து பார்த்து, "அப்பா, இதுல நான் எப்டிப்பா ஏறுவேன்?" என்றாள். பட்டை நம்பியே பிழைக்கிற ஊர். அந்த ஊரில் பெண்கள் விசேஷத்துக்குப் பட்டு கட்டிக்கொண்டு வருவார்கள் என்பது இந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது.

இளங்கோவன் கைகூப்பிக்கொண்டு வந்தான். "எதுக்கு சம்பந்தி கஷ்டம்? ரோடுதான் நல்லா இருக்குதே. வரிசைத்தட்டோட நடந்தே போயிடலாம்."

"அதுதான் லட்சணம்," என்றார் துரைக்கண்ணு. "ரோடு யாரு போட்டது, நீங்களா? நல்ல மனசுங்க உங்களுக்கு. நீங்களும் எங்க கூடவே வாங்க." இளங்கோவனின் தோளில் கை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் தட்டோடு பின்னால் போனார்கள். அவர்களுக்கும் பின்னால், ஆளில்லாத வண்டியை எறும்பு மாதிரி ஊரவிட்டுக்கொண்டு கண்ணாயிரம் போனான்.

நெல்வயல் ஆரம்பித்த இடத்தில்தான் அவனுக்கு உறைத்தது. இப்படியே போனால் இளங்கோவன்தான் முதலில் வாசலை மிதிப்பான். திரும்பி நின்று சம்பந்தி வீட்டாரைப் பார்த்து, 'வாங்க, வாங்க' என்பான். கண்ணாயிரத்தின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கண்ணாயிரத்தின் சம்பந்திகளுக்குச் சொல்வான். போன தடவையும் அந்த வார்த்தையைத் தன் வாயிலிருந்து பிடுங்கியவன் அவன்தானே. நினைக்க நினைக்க உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சம்பந்தி முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்க முடியாது. ஒதுங்கிப் போக இடம் இல்லை. இடது பக்கம் அவனுடைய சொந்த வயல் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது, அடுத்த வாரம் அறுப்பு.

ஸ்டியரிங்கை ஒடித்தான்.

டயரை ஒரு குறை சொல்ல முடியாது. வரப்பை ஏறி இறங்கிய விதம் என்ன, ஈரத்தைக் கவ்வி இழுத்த விதம் என்ன. தேவசகாயம் சொன்னதற்கு மேலேயே ஓடியது. முற்றின கதிர் இரண்டு பக்கமும் சரிந்து, சேற்றில் அமுங்கி, நசுங்கிக்கொண்டே வந்தது. கண்ணாயிரம் பக்கவாட்டில் பார்க்கவில்லை. கொல்லைப்புறமாக வந்து வண்டியை நிறுத்தி, வாசலுக்கு ஓடி, சேற்றுக் காலோடு பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"வாங்க சம்பந்தி, வாங்க. வாங்கம்மா, வாங்க."

வந்தார்கள். பன்னீரை வாங்கிக்கொண்டார்கள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துரைக்கண்ணு அவன் சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிரியதர்ஷினி வயலையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாக இளங்கோவன் வந்து படியில் நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சுண்டித்தான் போயிருந்தது.

"கதிர் முத்திப்போச்சேடா," என்றான். "எங்கிட்ட மோதணும்னா மோதிக்க. வெளஞ்ச நெல்லுமேல வண்டிய ஏத்துவாங்களாடா?"

கண்ணாயிரம் அந்த முகத்தையே பார்த்தான். இதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தான். சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். வரவில்லை. எரிச்சல் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. "என் நெல்லு, என் டயரு. உனுக்கு இன்னா?" என்று செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து வந்த லோகாம்பாள் வயலைப் பார்த்தாள். பிறகு புருஷன் கையிலிருந்து பன்னீர்ச் செம்பைப் பிடுங்கி இளங்கோவன் மேல் தெளித்தாள்.

"வாங்க மாமா, உள்ள வாங்க," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இளங்கோவன் தயங்கித் தயங்கி உள்ளே போனான். அவளும் போனாள். உள்ளே வளையல் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாயிரத்தை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.