கலீமுல்லாவின் எருமைத் தோல் வார்

ஆம்பூர்த் தோல் மண்டியில் தோலைத் தொட்டுப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுகிற ஆள் கலீமுல்லா. எந்த ஊர் எருமை, உரித்து எத்தனை நாள், உப்பு போதுமா போதாதா, எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே விரலால் தந்தி அடிப்பான். காசியின் சைக்கிள் கடை மாடியில், சர்க்கார் லைசென்ஸோடு நாலு பேர் சேர்ந்து நடத்திய ஒயர்லெஸ் கிளப் அது. நாலு பேரில் ரயில்வே தந்தி குமாஸ்தா அந்தோணி அவனுக்கு உயிர்த் தோஸ்த்.

1936 புரட்டாசியில் அந்தோணிக்குக் குண்டக்கல்லுக்கு மாற்றல் வந்தது. கிளப்பின் பழைய ஒயர்லெஸ் பெட்டி ராணிப்பேட்டையைத் தாண்டவே மூச்சு வாங்கும். தோஸ்த்தை விட்டுவிட முடியுமா? புது வால்வு பெட்டி கட்டினார்கள், ஏரியல் கம்பியை நீட்டி உயரத் தூக்கினார்கள். அந்தோணி தன் சொந்தப் பெட்டியைக் குண்டக்கல்லுக்குக் கொண்டுபோவான். ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலு மணிக்குப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு.

சண்டை வந்தது கம்பியைக் கம்பத்தில் கட்டுகிற இடத்தில். அங்கே மின்சாரம் கசியக்கூடாது, பீங்கான் போட வேண்டும் என்றான் அந்தோணி. கலீமுல்லாவோ உப்புப் போட்டுக் காயவைத்த எருமைத் தோலில் வார் அறுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"தோல் வேணாம் கலீம். பீங்கான் வாங்கிக்கலாம்."

"இன்னாபா நீ? கட்டையாட்டம் காஞ்சிருக்கு பாரு. இதுல இன்னா கசியும்? ஆம்பூர்ல தோலுக்குக் குறை சொல்ற மொத ஆளு நீதான்."

"சொன்னா கேளு."

"நாளைக்கு ஊரைவிட்டுப் போறவனுக்கு இங்க இன்னா பேச்சு?"

சொன்ன பிறகுதான் கலீமுல்லாவுக்கே சுருக்கென்றது. வார் கட்டிச் சோதித்தபோது பெட்டி கணீரென்று பேசியது. "பாத்தியா!" என்று வேறு சொல்லித் தொலைத்தான், பாவி மனுஷன். மறுநாள் வழியனுப்ப ரயிலடிக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவான்?

அந்தோணி போன வாரமே மழை பிடித்துக்கொண்டது. முதல் ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிட்டான், பதில் இல்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை, மூன்றாவதும் இல்லை. மதராஸ் ஒயர்லெஸ்காரர்களின் தந்தி மட்டும் லேசாகக் கேட்டது. அப்படியானால் பெட்டியில் கோளாறு இல்லை, கோபம்தான் என்று முடிவு கட்டினான். பன்னிரண்டு வருஷ சிநேகிதம் ஒரு சொல்லில் போயிற்றே என்று சோறு இறங்கவில்லை.

"ஒரு கார்டு எழுதிக் கேட்டுட்டா இன்னா?" என்றாள் மனைவி ஜஹீதா.

"இன்னான்னு கேக்கறது? கோவமான்னா?"

"ஆமா, கோவமான்னுதான்."

அவன் எழுதவில்லை. வறட்டு வீம்பு, வேறென்ன!

புதன்கிழமை காலை அணைக்கட்டு வியாபாரி ஒருவர் மண்டிக்கு ஒரு வண்டி உப்புத் தோல் கொண்டுவந்தார். கலீமுல்லா நிறுத்துப் பார்த்துவிட்டு, மழைக்கால வழக்கப்படி எடையில் கொஞ்சம் குறைத்து வேர்வைக் கழிவு போட்டான். வியாபாரிக்கு வந்ததே கோபம்.

"தோலுக்கு இன்னா பாய் வேர்வை?"

"உப்புத் தோலுய்யா இது! மேகம் மூடுனா தண்ணி குடிக்கும். கட்டையாட்டம் காஞ்சதுகூட சொதசொதன்னு ஆய்டும். பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரி..."

பேச்சு பாதியில் நின்றது. தன் உள்ளங்கையைப் பார்த்தான். தோலைத் தொட்ட கை உப்புத் தண்ணீரில் பிசுபிசுத்தது. "யா அல்லா!" என்று கத்திவிட்டு, வியாபாரியை அப்படியே விட்டு சைக்கிள் கடைக்கு ஓடினான்.

மாடியில் அவன் கட்டிய வார் ஊறிப்போய், தொட்டால் வழுக்கியது. அத்தனை மின்சாரமும் அதன் வழியாகக் கம்பத்தில் இறங்கி மழையோடு மண்ணுக்குப் போயிருக்கிறது. ஊருக்கெல்லாம் வேர்வைக் கழிவு போட்டவனுக்குத் தன் தோல் வேர்க்கும் என்று தோன்றவே இல்லை! பின்னாலேயே மாடிக்கு ஏறிவந்த காசி விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதேபா. பீங்கானுக்கு மதராஸ் போவணும். அதுவரைக்கும் கண்ணாடி கெடைக்குமா?"

காசி பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கோலி சோடா பாட்டில் கொண்டுவந்தான். வாரை அவிழ்த்தெறிந்து பாட்டிலைக் கட்டினார்கள்.

ஞாயிறு நாலு மணி. வெளியே தூறல் விடவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கலீமுல்லா கூப்பிட்டான். அந்தோணிக்கு நிஜமாகவே கோபம் இருந்துவிட்டால்?

குண்டக்கல் பேசியது. அந்தோணியின் கை. நூறு பேர் தந்தி தட்டினாலும் அந்தத் தட்டல் அவனுக்குத் தெரியும்.

"நாலு ஞாயிறா கூப்பிடுறேன். அங்கே மழையா? வார்தானே?"

கலீமுல்லாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மெதுவாகத் தட்டினான்: "வாரும்தான். என் வாயும்தான்."

பதிலுக்கு நாலு புள்ளி, அதன் பின்னால் இரண்டு புள்ளி. தந்திக்காரர்கள் கம்பியில் அப்படித்தான் சிரிப்பார்கள்.