கிளெமென்ட் வீட்டுக்கு வடக்கு

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து வரும் இந்தச் சின்ன மாதப் பத்திரிகையில், வீடு வாங்குவோரும் விற்போரும் கேட்கும் கேள்விகளுக்கு நான் பதில் எழுதி வருகிறேன். வக்கீல் அல்ல. விஷயம் தெரிந்த நாலு பேரிடம் கேட்டுப் புரிகிற தமிழில் எழுதித் தருகிறவன், அவ்வளவுதான். மூலப் பத்திரம் அசல்தானா, வில்லங்கச் சான்றை எத்தனை வருஷத்துக்குப் போட்டுப் பார்ப்பது, பட்டா யார் பெயரில் இருக்க வேண்டும் என்று மாதாமாதம் அதே கேள்விகள். நானும் சளைக்காமல் அதே பதில்கள்.

போன மாதம் ஒரு பதிலில், "பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளையும் நேரில் போய் நின்று சரிபாருங்கள்" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என் மேல் எனக்கே மரியாதை வந்தது. எல்லை எப்படி எழுதப்பட்டிருக்கும், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு போன். "நீங்க சொன்னபடிதான் சார் போயி நின்னு பாத்தேன். வீடு கைய விட்டுப் போயிரும் போலிருக்கு" என்றார் ஒரு பெண்மணி. திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன், கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

தொடக்கங்கள்:

மலைக்கோட்டையின் மேல் மாசி மாதத்து வெயில் மெல்ல

[வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்காரும் எல்லோரும் முதலில் மலைக்கோட்டையில் ஏறிவிடுகிறார்கள். இந்தக் கதையில் யாருக்கும் மலை ஏற நேரமில்லை.]

கிரையப் பத்திரம் என்பது அசையாச் சொத்தின் உரிமையை ஒருவரிடமிருந்து

[இது என் கேள்வி பதிலிலிருந்து தப்பி வந்த வாக்கியம். திருப்பி அனுப்பிவிட்டேன்.]

பேச்சாயிக்கு ஒரு மோட்டார் சுவிட்சு வேண்டியிருந்தது.

[இருக்கட்டும்.]

3

பேச்சாயிக்கு ஒரு மோட்டார் சுவிட்சு வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, இருபத்தாறு வருஷத்தில் எட்டு வாடகை வீடு. எட்டிலும் மோட்டார் சுவிட்சு வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது. அவர்கள் போட்டால் தண்ணீர், அணைத்தால் காலிக் குடம். தலையில் சோப்பு நுரையோடு மாடிப்படிக்குக் கீழே நின்று, "அக்கா, செத்த நேரம் போட்டு விடுங்கக்கா" என்று கெஞ்சியதை அவள் மறக்கவில்லை.

விலைக்கு வந்திருந்த ஸ்டான்லியின் வீட்டில் சுவிட்சு சமையலறைக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்த நிமிஷமே அந்த வீடு அவளுக்குப் பிடித்துப்போனது. கூரையையும் சுவரையும் பிறகுதான் பார்த்தாள். வங்கிக் கடனுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரியாக இருந்தன. நான் எழுதிய பதில்களை வெட்டியெடுத்து ஒரு பழைய டைரியில் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். பாக்கி நின்றது நான்கு எல்லை ஒன்றுதான்.

(என்னை இவ்வளவு நம்பிய வாசகர் வேறு யாரும் கிடையாது. வீட்டில் என் மனைவிகூட இரண்டாவது ஆளிடம் விசாரித்துக்கொள்வாள்.)

4

ஞாயிற்றுக்கிழமை காலை. பத்திரத்தின் நகலோடு பேச்சாயி வீட்டு வாசலில் நின்றாள். "கிளெமென்ட் வீட்டுக்கு வடக்கு" என்று எழுதியிருந்தது. வடக்கே பார்த்தாள். தெரு. கிளெமென்ட் வீடு தெற்கே இருந்தது. கிளெமென்டும் அங்கேதான் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "தெருவுக்குத் தெற்கு" என்று அடுத்த வரி. தெற்கே தெரு ஏது? "சௌகத் அலி காலிமனைக்கு மேற்கு" என்றது பத்திரம். மேற்கே முடுக்குச் சந்து. "முடுக்குக்குக் கிழக்கு" என்றது. கிழக்கே காலிமனை. நாலும் தலைகீழ்.

சுவிட்சைக் காட்டி மயக்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏஞ் சார், ஒரு வீட்டக் காட்டிட்டு இன்னொரு வீட்ட எழுதிக் குடுக்கப் பாக்குறீகளா?" என்றாள், வாசலுக்கு வந்த ஸ்டான்லியிடம். தெருவே கேட்கும்படிதான் கேட்டாள்.

[இங்கே ஒரு தயக்கம். முதல் வரைவில் ஸ்டான்லியை மோசடிக்காரராகவே எழுதினேன், கதைக்கு அது வசதி. ஆனால் விசாரித்தால் ஒருவர்கூட அவரைப் பற்றித் தப்பாகச் சொல்லவில்லை. தனியார் பேருந்துக் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் தாமதத்தை ஒரு நிமிஷம் என்றே எழுதியவராம். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வில்லனுக்கு எங்கே போவது?]

ஸ்டான்லி பத்திரத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இருவத்தொம்பது வருசமா இங்கதான் குடியிருக்கேன். என் வீடு எதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும். போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிக் கேட்டைப் பூட்டினார். பூட்டு இரண்டு தடவை நழுவியது. கிளெமென்ட் பார்த்துக்கொண்டு நின்றார்.

5

அங்கிருந்து நேராகப் பத்திர எழுத்தர் முத்துச்சாமி வீட்டுக்குப் போனாள் பேச்சாயி. மோசடியைச் சொல்லத்தான் போனாள். அவர் நகலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம் தாயி, பத்திரம் நம்ம வீட்ல நின்னு பேசாது. பக்கத்து வீட்ல போயி நின்னுக்கிட்டு நம்மளக் கைகாட்டும். கிளெமென்ட் வீட்டுக்கு வடக்குன்னா, கிளெமென்ட் வீட்ல நின்னு வடக்க பாருன்னு அர்த்தம். அங்க நின்னா என்ன தெரியும்?"

"ஸ்டான்லி சார் வீடு."

"பெறகென்ன?"

பேச்சாயி நகலை நாலாக மடித்தாள். வெட்கத்தில் காது சுட்டது. வீடு போனால்கூட ஆற்றிக்கொள்ளலாம், நேர்மையான ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திருடன் என்கிற மாதிரி கேட்டுவிட்டோமே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.*

* எனக்கும் இந்த விஷயம் முத்துச்சாமி சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷமாகப் பதில் எழுதுகிறேன்.

அன்று மாலையே போனாள். கேட் பூட்டியிருந்தது. மறுநாளும் போனாள். ஸ்டான்லி கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. வருகிற பத்தாம் தேதி வேறு யாரோ வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று கிளெமென்ட் சொன்னார்.

6

முடிவுகள்:

(அ) ஸ்டான்லி மனம் மாறி வருகிறார். பதிவு அலுவலகத்தில் இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பேச்சாயி சிரித்துவிட, "சிரிக்காதீங்கம்மா" என்கிறார்கள். [எனக்கு ஆசைதான். ஆனால் அவர் ஏன் மனம் மாறினார் என்பதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.]

(ஆ) வீடு வேறொருவருக்குப் போகிறது. பேச்சாயி ஒன்பதாவது வாடகை வீட்டில்

[இதை எழுதக் கை வரவில்லை.]

முடிவு கிடைக்காமல் கிளெமென்டிடமே போய் நின்றேன். அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "அவரு ஒங்க புத்தகத்த அட்டையில இருந்து கடைசில அச்சகத்துப் பேரு வரைக்கும் படிப்பாரு. கோயம்புத்தூருக்குப் போயும் மொதக் காரியமா அட்ரஸ் மாத்த ஒங்களுக்குத்தான் கார்டு போட்டாராம்." சந்தாப் பதிவேட்டைப் புரட்டினேன். இருந்தார்.

அதனால்தான் இந்த மாதம் கேள்வி பதில் வர வேண்டிய பக்கத்தில் கதை வந்திருக்கிறது. பேச்சாயிக்குப் போன் செய்து, இப்படி எழுதப்போகிறேன், சம்மதமா என்று கேட்டேன். "என் பேரு போட்டே எழுதுங்க. தெருவுல வச்சுத்தானே கேட்டேன், நாலு பேரு படிக்கட்டும்" என்றார். கடைசிக் கேள்வியையும் அவரே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

மற்ற வாசகர்கள் இத்தோடு பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஸ்டான்லி சார், நீங்கள் மட்டும் இருங்கள். இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் கேட்டதெல்லாம் வாசகர்கள், பதில் சொன்னதெல்லாம் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: நாலு எல்லையும் சரியாத்தான் இருக்கு சார். நாந்தான் தப்பான எடத்துல நின்னு பாத்துட்டேன். வீட்ட எனக்குக் குடுப்பீகளா? குடுக்காட்டியும் சரி, ஒரு தடவ போன எடுங்க சார்.
— பேச்சாயி, திண்டுக்கல்

பதில்: