முப்பத்திரண்டு ஆம்பியர்

எட்டு நாளாக இஸ்திரிப் பிரிவில் கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை. ஐந்து மேசை, ஐந்து பெண்கள், தலைக்கு மேல் தொங்கும் தண்ணீர் பாட்டிலிலிருந்து குழாய் இறங்கும் ஐந்து இஸ்திரிப் பெட்டிகள். சொர்ணம் சட்டையின் காலரை இழுத்துப் பரப்பி, பெட்டியை ஓட்டி, விசையை அழுத்தினாள். ஆவி முகத்தில் அடித்தது. அடுத்த சட்டை. பொம்மசந்திராவில் இரண்டாம் மாடியில் இருக்கும் அந்தச் சின்னத் தையல் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பழகிய வேலை. கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். இன்றைக்குக் கண் சட்டையில் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மீன் கழுவிய தண்ணீரை மூலையில் கொட்டிவிட்ட மாதிரி ஒரு நாற்றம். காலையிலிருந்தே இருந்தது.

"தனம், உனக்கு நாத்தம் வருதா?"

அடுத்த மேசைத் தனக்கோடி தலையைத் தூக்கவில்லை. "யார்னா கருவாடு எடுத்துனு வந்திருப்பாங்க. வேலையப் பாரு. சாப்பாட்டுக்குள்ள நூத்தம்பது பீஸு முடிக்கணும்."

பாட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் சொர்ணம் சுவரருகே போனாள். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். சுவர் சுட்டது.

கரண்ட் போகாமலிருக்க மாட்டிய பெரிய பிரேக்கரைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். முன்பு மூன்று மேசைதான் இருந்தது. சூப்பர்வைசர் உமேஷ் இன்னும் இரண்டைக் கொண்டுவந்து போட்ட நாளிலிருந்து, லோடு கூடினால் கரண்டை நிறுத்தும் பிரேக்கர் படீர் படீரென்று விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் பெட்டிகள் ஆறிப்போகும். மறுபடி சூடேற இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஐந்தரைக்கு மேல் நின்று அவர்கள்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனேக்கல் பஸ் இவர்களுக்காகக் காத்திருக்காது. மூன்று வாரத்தில் அந்தக் கறுப்புக் குமிழ் ஐந்து பேருக்கும் ஜென்ம விரோதியாகிவிட்டது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கூப்பிட்டால் வருகிற எலெக்ட்ரீஷியன் லாயிட் எட்டு நாளைக்கு முன்பு வந்தபோது, மற்ற நால்வரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு சொர்ணம்தான் முன்னே போனாள்.

"அண்ணா, இது ரொம்பச் சின்னது போல. பெருசா ஒண்ணு போட்டுடுங்க. புண்ணியமாப் போவும்."

அவர் மெயின் பேனலைத் திறந்து பார்த்தார். தடித்த செப்புக் கம்பி. தாங்கும் என்று தலையாட்டிவிட்டு, பதினாறு ஆம்பியரைக் கழற்றி முப்பத்திரண்டை மாட்டினார். அன்று மதியம் தங்கள் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு கரண்டி சித்ரான்னம் அள்ளி அவர் தட்டில் வைத்தார்கள்.

இன்று காலை டீ நேரத்தில் சொர்ணம் லாயிட்டுக்குப் போன் செய்தாள். நல்லவேளை, அவர் அடுத்த தெருவில் இருந்தார். வந்தவர் சுவரில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். மெயினை அணைத்துவிட்டு, போர்டின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் காபிப்பொடி நிறத்தில் இளகியிருந்தது. மீன் நாற்றம் அதிலிருந்துதான். கத்தியால் கம்பியைச் சுரண்டினார். வெள்ளையாகப் பளபளத்தது.

"அலுமினியம்," என்றார். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "பேனல்ல ஒரு முழம் மட்டும் செப்புக் கம்பி வுட்டு, சுவத்துக்குள்ள அலுமினியத்த முறுக்கி ஜாயிண்ட் போட்டிருக்கான் படுபாவி. நான் அந்த ஒரு முழத்தப் பாத்து ஏமாந்துட்டேன்."

"இப்ப இன்னாண்ணா ஆவும்?"

"அஞ்சு பெட்டியும் ஒண்ணா சூடேறுனா இருவத்திரண்டு ஆம்பியர் இழுக்கும்மா. இந்த மெல்லிசுக் கம்பி பதினாறுக்கு மேல தாங்காது. அந்தப் பழைய பிரேக்கர் விழுந்துச்சே, சும்மாவா விழுந்துச்சு? கம்பி வேகாம இருக்கத்தான் விழுந்துச்சு. நான் போட்டது முப்பத்திரண்டு தாண்டுனாத்தான் விழும். இருவத்திரண்டுக்கு அது அசையக்கூட அசையாது. கம்பிதான் உள்ளயே வெந்துனு இருக்கும்."

சொர்ணம் போர்டுக்குக் கீழே பார்த்தாள். மார்பளவுக்கு அட்டைப் பெட்டிகள், பிளாஸ்டிக் உறையில் மடித்த சட்டைகள். அதற்கப்பால் பின்படிக்கட்டுக் கதவு. ஆயுதபூஜை சமயத்தில் இரண்டு பீஸ் காணாமல் போனதிலிருந்து அதற்குப் பூட்டு, சாவி உமேஷிடம். தையல் பிரிவில் நாற்பது பேர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்வாசல் ஒன்றுதான் வழி.

உமேஷ் வேகமாக வந்து, கன்னடம் கலந்த தமிழில் கத்தினான். "யாக்கே, ஏன் நின்னுச்சு?"

லாயிட் விளக்கினார். புதிதாகச் செப்புக் கம்பி இழுக்க வேண்டும், இரண்டு நாள் பிடிக்கும், அதுவரை பழைய பிரேக்கர், மூன்று மேசை.

"வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட் லாயிட்! எட்டு நாள் ஆய்த்து, ஏனாய்த்து? ஒண்ணும் ஆகல. சும்னே லேடீஸைப் பயமுறுத்தாத."

லாயிட் பதிலுக்கு முப்பத்திரண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதினாறை மாட்டினார். "என் கையால இத இன்னொரு வாட்டி மாட்ட மாட்டேன் சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

உமேஷ் ஐந்து பெட்டியையும் போடச் சொன்னான். கால் மணியில் பிரேக்கர் விழுந்தது. போட்டார்கள். மறுபடி விழுந்தது. தனக்கோடி பெட்டியை டொக்கென்று வைத்தாள்.

"உனக்கு வாய் சும்மா இருக்காதாடி? இன்னிக்கு ஊடு போய்ச் சேர எட்டரை ஆவும். எம் பொண்ணு பூட்டுன வாசல்ல உக்காந்துனு இருப்பா. சுட்டா சுடட்டும். நாம இன்னா பஞ்சு மெத்தையிலயா நிக்கிறோம்?"

சொர்ணம் தனக்கோடியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரில் வைத்து அழுத்தினாள். தனக்கோடி கையை உதறிக்கொண்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு அட்டைப் பெட்டிகளைப் பார்த்தாள். தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் உமேஷ் எதிர்க்கடை ஆளைக் கூட்டிவந்துவிட்டான். பத்தே நிமிடத்தில் புது முப்பத்திரண்டு ஏறி உட்கார்ந்தது.

"சார், அந்தப் பின்கதவையாச்சும் தெறந்து வையுங்க," என்றாள் சொர்ணம்.

"பீஸ் போனா யாரு ஜவாப்தாரி? நீ சைன் போடறியா? பயமா இருந்தா மனேகெ ஹோகம்மா, வீட்டுக்குப் போ. கீழ பத்து பேர் வேலை கேட்டு நிக்கிறாங்க."

வாசலருகே அவள் செருப்பு கிடந்தது. மாட்டிக்கொண்டு இறங்க ஒரு நிமிடம் ஆகாது. இறங்கினால் அவள் பிழைப்பாள். தன் பேச்சை நம்பிப் பின்னால் வந்து நின்ற நான்கு பேர் இங்கேயே நிற்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள்.

நான்கு மணிக்கு நாற்றம் திரும்பியது. இந்த முறை உமேஷின் மூக்குக்கும் எட்டிவிட்டது. சுவரருகே போய் நின்றான். கையை வைத்துப் பார்த்தான். அவசரமாகக் கீழே போனவன், கால் மணியில் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். பிரித்தான். புத்தம் புதிய டேபிள் ஃபேன்.

பெண்கள் தலையைத் தூக்கினார்கள். தனக்கோடி கழுத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

உமேஷ் தையல் பிரிவுப் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்து மாட்டினான். அட்டைப் பெட்டிகளின் மேல் ஃபேனை வைத்தான். அதன் முகத்தைத் திருப்பி, ஸ்விட்ச் போர்டுக்கு நேராக நிறுத்தி, மூன்றாம் நம்பரில் விட்டான்.

"பேக பேக, சீக்கிரம்," என்று கைதட்டிவிட்டுப் போனான்.

ஃபேன் சுவரைப் பார்த்து இரைந்தது. தனக்கோடியின் தாடையிலிருந்து ஒரு சொட்டு வேர்வை வெள்ளைக் காலரில் விழுந்தது. அவள் அதன் மேலேயே பெட்டியை ஓட்டினாள்.